போனும் ஸ்கூட்டியும் வீட்டுக்கும்தான், தொழிலுக்கும்தான்: வரியில் எவ்வளவு கழிக்கலாம்?

கொக்குவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டு முன்னறையில் மணப்பெண் அலங்காரத் தொழில் செய்கிறேன். முதல்முறையாக வருமான விபரத்திரட்டு கொடுக்கப் போகிறேன். போன், ஸ்கூட்டி, ஏசி, வாடகைக்கு விடும் நகைசெட் எல்லாமே வீட்டுப் பாவனைக்கும்தான். முழுச் செலவையும் போடு என்கிறார் ஒருவர். வீட்டில் புழங்கும் சாமானுக்கு ஒரு சதமும் கிடையாது என்கிறார் இன்னொருவர். எது சரி?"

இரண்டுமே பிழை. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தொழில் வருமானத்தை ஈட்டச் செய்த செலவை, அதற்காகச் செய்த அளவுக்குக் கழிக்க விடுகிறது. 10ஆம் பிரிவு சொந்த வீட்டுச் செலவைக் கழிக்க விடாது. ஆகவே ஒரே பொருளின் செலவைப் பங்கு பிரிக்க வேண்டும்.

பிரச்சினை பங்கில்தான் வரும். பலர் மனதில் தோன்றிய ஒரு வீதத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதிகாரி "எப்படி வந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் தொழிலில் இது இன்னும் சிக்கல். ஆவணியில் போன் ஓயாது, ஆடியில் அழைப்பே இருக்காது. ஆவணிக் கணக்கை மட்டும் காட்டி 90 வீதம் கேட்காதீர்கள். கலியாண மாதம் ஒன்று, வெறும் மாதம் ஒன்று என இரண்டிலும் பாவனையைக் கொப்பியில் குறித்து, வருடம் முழுவதற்கும் பொருந்தும் வீதத்தை எடுங்கள்.

அது 70 வீதம் என்று வைப்போம். போனை 180,000 ரூபாவுக்கு வாங்கியிருந்தால், அது மூலதனச் செலவு, அதாவது பல வருடம் பாவிக்கும் பொருளை வாங்கிய செலவு, என்பதால் ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 36,000. அதில் 70 வீதமான 25,200 ரூபா உங்கள் கழிவு. டேட்டா பில்லுக்கும் அதே வீதம்தான்.

ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்தால் திகதி, போன இடம், கிலோமீற்றர் மூன்றையும் எழுதுங்கள். சாவகச்சேரிக்குப் பொம்பிளை வெளிக்கிடுத்தப் போனது தொழில். பிள்ளையை ரியூசனில் இறக்கியது தொழில் அல்ல. ஏசி கரண்டை அறை பூட்டிக்கிடக்கும் நாட்களையும் பார்த்துப் பிரிக்கலாம்.

நகைசெட் விஷயத்தில் கொஞ்சம் கவனம். கவரிங் செட் பாவிக்கப் பாவிக்கத் தேயும், பெறுமதி குறையும். அதற்குத் தேய்மானம் கேட்கலாம். தங்கத்துக்கு அப்படிக் கேட்க முடியாது. ஒன்றுவிட்ட தங்கச்சியின் கலியாணத்துக்கு நீங்களே அந்தக் கவரிங் செட்டைப் போட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். பங்கு சற்றுக் குறையும், அவ்வளவுதான். வேலைக்கு உடுத்திப் போகும் சேலை, வெளியில் எங்கும் உடுக்கக்கூடியது என்பதால், கழிவில் வராது.

அப்புறம், இத்தனைக்கும் பிறகு வரி வருமா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி விழாத வருமான அளவு, வருடத்துக்கு 18 இலட்சம். செலவு கழித்த வருமானம் அதற்கு மேல் போனால்தான் வரி. அந்த 18 இலட்சத்துக்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்.

கலியாண வீடுகளில் பெரும்பாலும் காசாகத்தான் தருவார்கள். அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டுகளையும் கொப்பியையும் ஐந்து வருடமாவது வைத்திருங்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான விபரத்திரட்டுக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாள். வரி இலக்கம் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.