‘பேஜார்’ வசவுச் சொல் இல்லை

நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில், ஆட்டோக்காரர் “சும்மா பேஜார் பண்ணாத சார்” என்றாரே, அது திட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டு இல்லை. ‘தொந்தரவு பண்ணாதீங்க’ என்பதுதான் பொருள். கூடவே ‘சார்’ வேறு போட்டிருக்கிறார், விட்டுவிடுங்கள்.

சந்தை இரைச்சலை வைத்து ‘பஜார்’தான் ‘பேஜார்’ ஆனது என்று உங்கள் அறை நண்பர் சொன்னது சரியில்லை. இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவைதான், ஆனால் வேறு வேறு சொற்கள். பேஜாரின் மூலச்சொல் ‘பேஃஜார்’ (bezar): சலித்துப்போன, வெறுத்துப்போன என்று பொருள். உருது வழியாக நம்மிடம் வந்தது. ஆற்காட்டு நவாப் 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறிய ஊர் இது. திருவல்லிக்கேணிப் பக்கம் இன்றும் உருது கேட்கலாம்.

உருதுவில் அது சலித்துப்போனவரின் மனநிலை. “ஒரே பேஜாரா இருக்கு” என்னும்போது நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் “பேஜார் பண்ணாத”, “பேஜாராப் போச்சு” என்கிற இடத்தில் சலிப்பு போய், அதை உண்டாக்கும் தொல்லையே பேஜார் ஆகிவிடுகிறது. கன்னடத்தில் ‘பேஜாரு’ என்றால் வருத்தம், சலிப்பு. அங்கே சாதாரணமாகப் புழங்கும் சொல்.

அப்புறம், ‘பேமானி’யும் இதே ரகமா என்றீர்கள். இல்லை, அது வசவேதான். உருதுவில் ‘பேஈமான்’ என்றால் நேர்மையில்லாதவன், ‘பேஈமானி’ என்றால் நேர்மையின்மை. நாம் குணத்தின் பெயரை எடுத்து ஆளுக்கே வைத்துவிட்டோம். அதை யாராவது சொன்னால் தாராளமாகக் கோபப்படலாம்.