ஸ்கங்க் அடித்த நாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செப்டம்பர் வந்தாலே கனடாவின் டொரொண்டோ பக்கத்திலிருந்து ஸ்கங்க் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். ஸ்கங்க் என்பது ஆபத்து வந்தால் நாற்றமடிக்கும் எண்ணெயைப் பீய்ச்சும், கறுப்பு வெள்ளை நிறச் சிறு விலங்கு. அந்த வருடத்துக் குட்டிகள் தாயைப் பிரிந்து தனியாக இரை தேடும் பருவம் இது. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: இரவு 11 மணிக்குப் பின்வளவில் எங்கள் நாயின் முகத்திலேயே ஸ்கங்க் அடித்துவிட்டது. உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஷாம்பும் போட்டோம். நாற்றம் போகவே இல்லை. ஏன்? (ஸ்கார்பரோ வாசகி)

பதில்: எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் தேடுகிறார்கள். ஆனால் ஸ்கங்க் பீய்ச்சுவது சிறுநீர் அல்ல. வாலடியில் இருக்கும் இரண்டு சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய். அதில் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலக்கும் வாடைப் பொருளும் இதே குடும்பம்தான். ஷாம்பு எண்ணெயில் கொஞ்சத்தை எடுக்குமே தவிர, தயோலை அழிக்காது. ஆக்சிஜன் ஏறினால்தான் அது ஏறக்குறைய மணமில்லாத, தண்ணீரோடு போய்விடும் பொருளாக மாறும்.

அதற்கான கலவையை 1993-இல் வெளியிட்டவர் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர். ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட முறையை, உடன் வேலை செய்தவரின் பூனைக்காக மிருதுவாக்கிக் கொடுத்தார். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 லிட்டர், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 1 அல்லது 2 தேக்கரண்டி. அவ்வளவுதான்.

நாயை வீட்டுக்குள் விடாதீர்கள். சோபாவில் ஒரு முறை உரசினால் போதும், வீடே நாறும். முதலில் கண்களைப் பாருங்கள். சிவந்திருந்தாலோ, நாய் கண்ணை இடுக்கினாலோ, வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரைச் சில நிமிடங்கள் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வாளியில் கலவையைத் தயார் செய்து, நுரைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பில் தேயுங்கள். கலவையைத் தேய்ப்பதற்கு முன் முடி நனையாமல் இருப்பது நல்லது. தோல்வரை இறங்கும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். முகத்துக்குத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. பெரிய நாய் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் 1 லிட்டர்வரை சேர்த்துக்கொள்ளலாம். வாடை மிச்சமிருந்தால் புதிதாகக் கலந்து இன்னொரு முறை போடுங்கள். மறுநாளும் கண் சிவந்தே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பச்சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா? மிஞ்சிய கலவையைப் போத்தலில் எடுத்து வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பேக்கிங் பவுடரில் அமிலமும் சேர்ந்திருக்கும். இந்தக் கலவைக்குக் காரத்தன்மை வேண்டும். அப்பச்சோடாவும் பேக்கிங் சோடாவும் ஒன்றுதான், அதைப் போடுங்கள். மூடி வைத்த போத்தலுக்குள் ஆக்சிஜன் சேர்ந்துகொண்டே போய் அது வெடித்துவிடும், அதனால் மிஞ்சியதைத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். பெராக்சைடையும் சோடாவையும் தனித்தனியாக வாங்கி வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். நடுராத்திரியில் கடை தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: தக்காளிச் சாறுதான் கைகண்ட மருந்து என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: இல்லை. ஸ்கங்க் நாற்றத்தை முகர்ந்து முகர்ந்து நம் மூக்கு மரத்துப்போகிறது. அந்த நேரத்தில் தக்காளி வாசனை மட்டும் தெரிகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்தால் பழைய நாற்றத்தைச் சொல்லிவிடுவார். அதோடு, தக்காளிச் சாற்றில் நனைந்து ஒட்டிப்போன முடியோடு நடுங்கிக்கொண்டிருக்கும் நாயைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

கேள்வி: நாற்றம் போய் இரண்டு வாரமாகிறது. நேற்று மழையில் நனைந்ததும் திரும்ப வந்துவிட்டது!

பதில்: அந்த எண்ணெயில் தயோ அசிடேட் என்ற வகையும் உண்டு. காய்ந்திருக்கும்போது பெரிதாக வாடை தெரியாது. தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். அதே கலவையை இன்னொரு முறை போடுங்கள். கறுப்பு நாயாக இருந்தால் பெராக்சைடு முடியைக் கொஞ்சம் வெளுக்கவைக்கலாம், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்கங்க் அடித்தால் வெறிநோய் வருமா?

பதில்: பீய்ச்சியதால் வராது. கடியால் வரும். வட அமெரிக்காவில் வெறிநோயைப் பரப்பும் காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று என்பதால், முடியை விலக்கி முகம், கழுத்து, கால்களில் பல் பட்ட காயம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஊசி போட்டிருந்த நாயாக இருந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பகலில் தள்ளாடி நடக்கும் ஸ்கங்கின் கிட்டேயே போகாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று, அபூர்வமானது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. மிக நெருக்கத்திலிருந்து ஸ்கங்க் நிறையப் பீய்ச்சிய நாய்களில் சிலவற்றுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வந்திருக்கிறது. அடுத்த சில நாட்களில் ஈறு வெளிறினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நாய் சோர்ந்து படுத்தாலோ காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் மரத்தளத்துக்கு அடியில் ஸ்கங்க் குடியிருக்கிறது. பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாமா?

பதில்: டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பிடித்த விலங்கை 1 கிலோமீட்டருக்கு அப்பால் விடச் சட்டம் இடம் தராது. தானாகப் போகவிடுவதே நல்லது. பொந்து வாயில் கசங்கிய செய்தித்தாளை லேசாகச் சொருகுங்கள். இரண்டு மூன்று இரவு அது அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அதன் பிறகு கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கி அடையுங்கள். மே, ஜூனில் மட்டும் கைவைக்காதீர்கள், உள்ளே கண் திறக்காத குட்டிகள் இருக்கலாம்.

அதுவரை இரவில் நாயைக் கயிற்றோடு வெளியே கூட்டிப்போங்கள். ஸ்கங்க் உடனே அடித்துவிடாது. பெரும்பாலும் முன்காலைத் தரையில் தட்டி, வாலை உயர்த்தி எச்சரிக்கும். சுமார் 3 மீட்டர்வரை குறிதவறாமல் அடிக்கக்கூடியது, அதனால் காலைத் தட்டுவதைப் பார்த்ததும் சத்தம் போடாமல் நாயை இழுத்துக்கொண்டு பின்வாங்கிவிடுங்கள்.