மாத்திரைத் தாளில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: மணவாளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சீதபேதி. மலத்தைச் சோதித்து அமீபா என்று சொல்லி, மெட்ரோனிடசோல் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த மகன், இது மரபணுவைக் கெடுக்கும், எலிகளுக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது என்கிறான். எங்கள் ஊர் மணலிலேயே கதிர்வீச்சு, இதுவும் சேர வேண்டுமா? பயந்துபோய் இரண்டு நாளோடு நிறுத்திவிட்டார்.

பதில்: அம்மா, உங்கள் மகன் படித்தது பொய்யில்லை. ஆனால் ஒரு மருந்து மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அதற்கு ஏம்ஸ் சோதனை என்று பெயர். 1970களில் கலிஃபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு பழுதான சால்மொனெல்லா கிருமிகளை எடுத்து, அந்தச் சத்து பெயருக்கு மட்டும் இருக்கும் தட்டில் மருந்தோடு சேர்த்து இரண்டு நாள் வைப்பார்கள். மருந்து மரபணுவை மாற்றும் தன்மை உள்ளதென்றால், சில கிருமிகளில் அந்தப் பழுது தற்செயலாகச் சரியாகி, அவை மட்டும் புள்ளி புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். நம் உடம்புக்குள் மருந்து என்னவாக மாறும் என்று பார்க்க எலியின் கல்லீரல் சாற்றையும் கலப்பது உண்டு, கெட்டிக்கார யோசனை!

மெட்ரோனிடசோல் இதில் மாட்டியது உண்மை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். இந்த மருந்தில் ஒரு நைட்ரோ பகுதி இருக்கிறது, கிருமியின் நொதி அதை உடைத்தால்தான் அது டி.என்.ஏ.வைத் தாக்கும், அந்த நொதி இல்லாத சால்மொனெல்லாவை வைத்துச் சோதித்தால் மரபணு மாற்றம் கிட்டத்தட்ட இல்லையென்றே முடிவு வருகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் அமீபா சாவதும் இதே வழியில்தான். ஆக்சிஜன் நிறைந்த நம் செல்களில் அந்த உடைப்பு பெரும்பாலும் நடப்பதில்லை. எலிகளுக்குக் கட்டி வந்தது ஆயுள் முழுக்கப் பெரிய அளவில் கொடுத்தபோது. மனிதர்களுக்குப் புற்றுநோய் வந்ததாக உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் தேவையில்லாமல் சாப்பிடாதே என்பதுதான் அந்தத் தாள் சொல்வது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், வயிறு கலங்கினாலே மெடிக்கல் கடையில் ஒரு அட்டை வாங்கி விழுங்குபவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

மணலா? உங்கள் ஊர் மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில், கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பது உண்மைதான். அதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் பல வருடம் மக்களைத் தொடர்ந்து கவனித்ததில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஐந்து நாள் மாத்திரையோடு அதைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது அவசரம் வேறு. பேதி நின்றாலும் அமீபா உள்ளே மிச்சமிருக்கலாம், கல்லீரலுக்குப் போய்ச் சீழ் கட்டவும் செய்யும். இன்றே எழுதிக் கொடுத்தவரிடம் போய், நிறுத்தியதைச் சொல்லுங்கள். எப்படித் தொடர்வது என்று அவர் சொல்வார், குடலில் மிச்சமிருப்பதை அழிக்க இன்னொரு மருந்தும் தருவார். அப்புறம், வாயில் இரும்பு ருசி வந்தால் பயப்பட வேண்டாம். குடிப்பவர் என்றால் கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாளாவது தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.