யங்கா, ஷாம்போலியனா?

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு, எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தவர் என்று ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் பெயரை எழுதுவதா, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் பெயரை எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பெயருக்குத்தான் இடம் என்றால் ஷாம்போலியன். தயங்கவே வேண்டாம்.

யங் செய்ததும் சின்ன வேலை இல்லை. ஒரே செய்தி சித்திர எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறித்த ரொசெட்டா கல்லில், நீள்வட்டத்துக்குள் இருப்பது தாலமி என்ற கிரேக்க வம்ச அரசன் பெயர் என்று கண்டு, சில ஒலிகளைச் சரியாகவே சொன்னார். ஆனால் ஒலிக்குறிகள் அந்நியப் பெயர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டார். ஷாம்போலியனுக்கு, பழைய எகிப்திய மொழியின் வழிவந்த காப்டிக் மொழி அத்துப்படி. 1822 செப்டம்பரில் எகிப்தின் அபு சிம்பெல் கோயில் கல்வெட்டின் பிரதி கைக்கு வந்தது. முதலில் சூரிய வட்டம். காப்டிக்கில் சூரியன் ‘ரே’. கடைசியில் இரண்டு ‘ஸ்’. ராம்சேஸ்! அசல் எகிப்திய அரசனின் பெயர். ஒலிக்குறியும் பொருள்குறியும் கலந்த எழுத்து இது என்று 1824இல் நூலாகவே விளக்கிவிட்டார்.

அப்புறம், பலகையில் தாலமி, கிளியோபாட்ரா பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டிலும் வரும் சிங்கம் ‘ல்’, சதுரம் ‘ப்’. பார்க்க வரும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கிளியோபாட்ரா பெயர் மட்டும் ரொசெட்டா கல்லில் இல்லை, எகிப்தின் ஃபிலே தீவில் கிடைத்த தூணில் இருந்தது. அதை மாற்றி எழுதிவிட வேண்டாம்.