ஃபைபர் பாடியில் விரிசல்: கேள்வி பதில்

கோவையில் ஃபைபர் பட்டறை நடத்துகிறேன். பந்தயக் கார்களின் மூக்கும் பேருந்துகளின் முகப்பும்தான் அதிகம் வருகின்றன. எப்போதாவது ஒரு சிபானி டால்பின், ஃபைபர் பாடி கொண்ட பழைய கார், வரும். அன்று மற்ற வேலைகள் தள்ளிப்போகும். பழைய கார் பிரியர்கள் கேட்டுக்கொண்டதால் இன்று விரிசல் பற்றி மட்டும் பேசுகிறேன். எஞ்சின், ஆர்சி புத்தகம், விற்பனை விலை பற்றிய கேள்விகள் வேண்டாம்.

கேள்வி (பெங்களூரு): ஐயா, எண்பதுகளின் டால்பின் ஒன்று வைத்திருக்கிறேன். முன்கண்ணாடித் தூணின் அடியில், கதவுக் கீலுக்கு மேலே விரிசல். டிங்கர் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். சில மாதங்களில் அதே இடத்தில் அதே கோடு. எந்தப் பட்டி வாங்கினால் நிற்கும்?

பதில்: எதுவும் நிற்காது. பட்டி என்பது ரெசினில், அதாவது இறுகும் பிசினில், குழைத்த மாவுத்தூள். மேடுபள்ளத்தை நிரவ மட்டுமே அது உதவும். இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழை. உங்கள் தூணில் அந்த இழை அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தில் புது இழை ஏற வேண்டும். பட்டி வைப்பது, சுவரில் ஓதம் இருக்கும்போது மேலே வெள்ளையடிப்பது போன்றது.

அதற்கும் முன்னால், இழை ஏன் அறுந்தது என்று பாருங்கள். டால்பின் என்பது இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன்தான். சிபானி நிறுவனம் 1982இல் பெங்களூரிலிருந்து இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். நாற்பது ஆண்டுகளில் சட்டத்தின் காதுகள் துருப்பிடித்திருக்கும், போல்ட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் நசுங்கியிருக்கும். பிறகு பாடியின் எடை நல்ல நிலையிலிருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளின் தலையில் விழும். சாலைக் குழியில் சட்டம் முறுக்கும்போதெல்லாம் அந்த முறுக்கு முழுவதும் கதவுத் திறப்பின் மூலைக்கு வந்து சேரும். இரண்டு கதவு கார் என்பதால் கதவும் நீளம், கீலின் மேல் சுமையும் அதிகம்.

ஜாக்கி வைத்து ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, விரிசல் வாய் திறந்தாலோ, முதல் வேலை வெல்டரிடம், என்னிடம் இல்லை. சட்டத்தையும் ரப்பரையும் கீல் ஊசியையும் சரிசெய்த பிறகே ஃபைபரைத் தொடுங்கள்.

தொடும்போது உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். டேஷ்போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டு வெளியில் மட்டும் செய்த வேலைகள்தான் திரும்பத் திரும்ப என் பட்டறைக்கு வருகின்றன. பெயிண்டை உப்புத்தாளால் எடுங்கள். பெயிண்ட் ரிமூவர் வேண்டாம். அது ரெசினையும் சேர்த்துத் தின்னும். பெயிண்ட் போனதும் பின்னாலிருந்து ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஃபைபர் ஒளியைச் சீராகக் கசியவிடும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும். நாணயத்தால் தட்டினால் அந்த இடம் மட்டும் மொத்தென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் கோட்டைவிட சேதம் எப்போதும் பெரிது. விரிசல் முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள்; கோடு மேலும் ஓடாது.

அசிட்டோனால் துடைத்து, பின்பக்கத்தை 40 அல்லது 60 எண் தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை சுரண்டி, விரிசலின் இருபுறமும் ஏழெட்டு சென்டிமீட்டர் மேவும்படி 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ரெசினில் நனைத்து இரண்டு அடுக்கு போடுங்கள். அது இறுகிய பின் வெளிப்பக்கத்துக்கு வாருங்கள். விரிசலை அடிவரை, புது மேட் தெரியும்வரை கிரைண்டரால் திறந்து, விளிம்பைச் சரிவாக்குங்கள். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு சரிவு: 3 மில்லிமீட்டர் பாடி என்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல். நல்ல பாடியை இவ்வளவு தேய்ப்பதா என்று கை கூசும். தேயுங்கள். பிறகு மேட் துண்டுகளை, பெரியது முதலில், சிறியது மேலே என்று ஏற்றுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரோலரால் காற்றுக்குமிழியை விரட்டுங்கள். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வெந்துவிடும். கடைசியில் தோலளவுக்குப் பட்டி. அதற்கு அங்கேதான் வேலை.

ஓர் எச்சரிக்கை; இன்று பலமுறை சொல்வேன். ரெசின் இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்டையும், அதை இறுகவைக்கும் காட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே காட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி (ஈரோடு): என் காரின் முன் பம்பர் உடைந்துவிட்டது. எத்தனை மேட் போட வேண்டும்?

பதில்: இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். பின்பக்கம் பிபி என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். ரெசின் அதில் ஒட்டாது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் போங்கள்.

கேள்வி (கரூர்): பேருந்து பாடி கட்டுகிறோம். முன்முகப்பில் ஹெட்லைட் போல்ட்டுகளைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல் விடுகிறது. ஓட்டுநர்கள் எங்களைத் திட்டுகிறார்கள்.

பதில்: நல்ல கேள்வி. போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் விழுந்தால் இறுக்கிய கைதான் காரணம். இரும்புத் தகட்டை இறுக்குவதுபோல ஃபைபரை இறுக்கினால் அதன் மேற்பூச்சான ஜெல்கோட் நொறுங்கும். துளை போல்ட்டைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ரப்பர் வாஷர், அதன்மேல் அகலமான இரும்பு வாஷர், லாக் நட். போல்ட் வரும் இடங்களில் உள்பக்கம் கூடுதலாக மூன்று அடுக்கு மேட் போட்டுத் தடிப்பாக்குங்கள். அந்தத் தடிப்பு திடீரென்று முடியாமல் படிப்படியாகக் குறையட்டும். திடீரென்று முடிந்தால் அந்த ஓரத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

ஏற்கெனவே விழுந்த நட்சத்திரங்களைப் பின்னாலிருந்து விளக்கு வைத்துப் பாருங்கள். வெளுப்பு இல்லையென்றால் ஜெல்கோட் மட்டும்தான் விட்டிருக்கிறது. ஒவ்வொரு கோட்டையும் சுரண்டித் திறந்து ஜெல்கோட் நிரப்பினால் போதும். வெளுத்திருந்தால் மேலே டால்பினுக்குச் சொன்ன முழு வைத்தியம்.

கேள்வி (சேலம்): எம்-சீல் வைக்கலாமா?

பதில்: தண்ணீர்க் குழாய்க்கு வைக்கலாம்.

கேள்வி (அமெரிக்கா, டெக்சாஸ்): எழுபதுகளின் நடுவில் வந்த கார்வெட், ஃபைபர் பாடி கொண்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். முன் ஃபெண்டரின் மேல் நேர்கோடாக ஒரு விரிசல் பெயிண்டில் தெரிகிறது. இதே முறைதானா?

பதில்: இல்லை, நிறுத்துங்கள். இரண்டு விஷயங்கள். கார்வெட் 1953இல் கையால் மேட் போட்ட ஃபைபருடன் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் எஸ்எம்சி என்ற, அச்சில் சூடாக அழுத்திய தகட்டுக்கு மாறியது. அதன் மேல் சாதாரண பாலியஸ்டர் ரெசின், நான் மேலே சொன்ன வகை, சரியாகப் பிடிக்காது. எபோக்சி என்ற வேறு வகை ரெசின் வேண்டும், அல்லது எஸ்எம்சிக்கென்றே விற்கும் பசை. இரண்டாவது, நேர்கோடு என்றால் அது பெரும்பாலும் விரிசலே இல்லை. இரண்டு தகடுகள் சேரும் இணைப்பு அது. அடியில் ஒட்டுப்பட்டை ஒன்று இருக்கும். அதை விரிசல் என்று நினைத்து ஆழமாகத் தேய்த்தால் பட்டையையே அறுத்துவிடுவீர்கள். உங்கள் ஊரில் கார்வெட் மட்டுமே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி (சென்னை): எஸ்எம்சிக்கு மட்டும் ஏன் எபோக்சி? எல்லாவற்றுக்குமே எபோக்சிதான் சரி. நான் கம்போசிட் (இழையும் ரெசினும் சேர்ந்த கலவைப் பொருள்) படிக்கும் மாணவன். பாலியஸ்டர் இறுகும்போது கன அளவில் ஐந்து சதவீதத்துக்கும் மேல் சுருங்குகிறது. பழைய பரப்பில் அதன் ஒட்டும் பலமும் குறைவு. நீங்கள் பழைய முறையையே பரப்புகிறீர்கள்.

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஒட்டும் பலத்தில் எபோக்சிதான் மேல். அதில் வழக்கே இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் மேட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும். எபோக்சியில் கரையாது, மேட் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. அதற்கு நெய்த துணி வாங்க வேண்டும். எபோக்சியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரின் அளவு பிசகினால் இறுகவே இறுகாது. வேகம் வேண்டுமென்று கூட்டவும் முடியாது. அதன் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் பூசினால் சரியாக இறுகாமல் பிசுபிசுக்க வாய்ப்புண்டு. பன்னிரண்டு மடங்கு சரிவு எடுத்தால் ஒட்டும் பரப்பு அவ்வளவு பெரிதாகிவிடும், பாலியஸ்டரே தாங்கும்.

கேள்வி (நாகப்பட்டினம்): நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுவதும் ஃபைபர் படகுதான். நான் படகு பழுது பார்ப்பவன். மணலில் இழுக்கிறோம், அலை அடிக்கிறது. எல்லாவற்றுக்கும் பாலியஸ்டரும் மேட்டும்தான். ஒன்றும் பிரிந்து வரவில்லை. சென்னைத் தம்பி ஒருமுறை கரைக்கு வந்து பார்க்கட்டும்.

பதில்: அண்ணன் சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. படகின் கனம் வேறு, காரின் கனம் வேறு. படகுக்குள் நீங்கள் அடுக்கடுக்காக ஏற்றித் தடிப்பாக விட்டுவிடலாம்; யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காரின் பாடி இரண்டரை, மூன்று மில்லிமீட்டர். வெளியே தடிப்பு தெரியக்கூடாது, மேட்டின் இழைத்தடம் பெயிண்டில் எழக்கூடாது. அதனால்தான் இவ்வளவு சரிவும் பொறுமையும்.

கேள்வி (சென்னை): பின்பக்கம் கையே போகாத இடத்தில் என்ன செய்வீர்கள்? அங்கே உங்கள் பன்னிரண்டு மடங்கு எங்கே போகும்?

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூடிய தூண், பெட்டி போன்ற அடிச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் எட்டும் இடம், ஒட்டும் பரப்பு குறுகிய இடம்: அங்கெல்லாம் நானும் எபோக்சிதான் போடுகிறேன். துளை இருந்தால், எபோக்சி தடவிய மெல்லிய ஃபைபர் பட்டையை உள்ளே நுழைத்து, கம்பியால் வெளியே இழுத்துக் கட்டிவிட்டு, அது இறுகிய பின் மேலே அடுக்குகள். ஆனால் ஒன்று சொல்கிறேன். பிரிந்துவந்த பழைய பழுதுகளைத் திறந்து பார்க்கும்போது ரெசினின் வகை பெரும்பாலும் குற்றவாளி இல்லை. அடியில் பெயிண்ட் மினுங்கும், மெழுகு இருக்கும், ஈரம் இருக்கும். சுரண்டாத பரப்பில் எபோக்சியும் உரிந்துதான் வரும்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஈரம் என்று சொன்னீர்களே, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். படகைக் காயவைக்காமல் மேட் போட்டால் எந்த ரெசினும் நிற்காது.

பதில்: ஆமாம் அண்ணா. காருக்கும் அதேதான். விரிசல் வழியே மழைநீர் இழைக்குள் ஏறியிருக்கும். தேய்த்துத் திறந்த பின் இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள், அல்லது ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்குங்கள். ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி (திருச்சி): விரிசலுக்கு நல்ல பட்டி எது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): சித்திரை வெயிலில் ரெசின் டப்பாவிலேயே கட்டியாகிவிடுகிறது. காட்டலிஸ்ட்டை அரை சதவீதமாகக் குறைக்கலாமா?

பதில்: ஒரு சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள், முழுமையாக இறுகாத ரெசின் கடைசிவரை இறுகாது. கிலோவுக்குச் சுமார் 10 மில்லி. காலை ஏழு மணிக்கு, நிழலில், சின்ன அளவாகக் கலக்கி, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆழமான டப்பாவில் சூடு தேங்கும். காட்டலிஸ்ட் ஊற்றும்போது கண்ணாடி அணியுங்கள். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பட்டால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்கு ஓடுங்கள். கோபால்ட் பற்றி மேலே சொன்னதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல்): பலத்துக்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்து மேட் போடலாம் என்கிறார் எங்கள் டிங்கர்.

பதில்: வேண்டாம். இரும்பு துருப்பிடித்து ஊதும், ஃபைபரைப் பிளக்கும். விறைப்பு வேண்டுமென்றால் ஃபோம் பட்டை ஒன்றை வைத்து அதன்மேல் மேட் போட்டு விலா எடுங்கள்.

கேள்வி (வேலூர்): ஃபைபர் ஹெல்மெட்டில் விரிசல். இதே முறையில்...

பதில்: குப்பையில் போடுங்கள். புதிது வாங்குங்கள்.

கேள்வி (பெங்களூரு): முதல் கேள்வி கேட்டவன்தான். மேட் போட்டு எத்தனை நாளில் பெயிண்ட்?

பதில்: அவசரப்படாதீர்கள். பாலியஸ்டர் இறுகிய பிறகும் சில நாட்கள் சுருங்கிக்கொண்டிருக்கும். உடனே பெயிண்ட் அடித்தால் ஒரு மாதத்தில் பழுது பார்த்த இடத்தின் எல்லை கோலமாகத் தெரியும். காரை வெயிலில் நிறுத்துங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை தேய்த்து நிரவி, பிறகு பிரைமர்.

கேள்வி (தஞ்சாவூர்): பட்டி...

பதில்: இல்லை.

கேள்வி (சென்னை): இன்னும் எனக்குத் திருப்தி இல்லை.

பதில்: எனக்கும் உங்களை விட மனமில்லை. ஒரு பழைய பேனலை ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து உடையுங்கள். பாதியைப் பாலியஸ்டரிலும் மேட்டிலும், பாதியை எபோக்சியிலும் நெய்த துணியிலும், ஒரே சரிவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் சுரண்டாமல் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து வைஸில் மாட்டி வளைத்து, எது எங்கே முறிகிறது என்று எழுதிவையுங்கள். ஒட்டில் முறிகிறதா, பக்கத்துப் பழைய ஃபைபரில் முறிகிறதா என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதை வைத்து அடுத்த முறை சண்டை போடலாம். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். கை அரித்தால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். மீந்த ரெசினைக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். இறுகும்போது கொதித்துக் காகிதத்தைப் பற்றவைக்கும். வெளியே, மண்ணில் வைத்து ஆறவிட்டு எறியுங்கள்.