எத்தனை கப் ஒரு கிலோ?

கேள்வி: பிரியாணிக் குறிப்பில் 1 கிலோ பாஸ்மதி என்கிறார்கள். வீட்டில் தராசு இல்லை, ரைஸ் குக்கருடன் வந்த கப்தான் உண்டு. எத்தனை கப் போடுவது?

பதில்: அந்தக் கப் பெரும்பாலும் 180 மி.லி. தலைதட்டி அளந்தால் சுமார் 150 கிராம் பிடிக்கும். ஆகவே ஆறே முக்கால் கப் போடுங்கள். குவித்து அளக்காதீர்கள். அதே கப்பில் அளக்கும் தண்ணீரைக் குவிக்க முடியாதே! அரிசி கூடி, தண்ணீர் குறைந்து, சோறு விறைத்துவிடும். ஊறவைக்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஊறிய அரிசி நீர் குடித்து ஏறத்தாழ கால் பங்கு கனம் கூடியிருக்கும்.

படி, ஆழாக்கு என்றால் ஊருக்கு ஊர் அளவு மாறும். அதில் தண்ணீர் நிரப்பி, மி.லி. கோடு போட்ட பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். வரும் எண்ணை 0.83ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 200 மி.லி. டம்ளருக்குச் சுமார் 165 கிராம்.