ஆசான் இல்லாமல் சீகோங்

வணக்கம் சார்,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் பாதி மலையாளம். பால் சொசைட்டியில் வேலை, தினமும் அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். முதுகுவலிக்காக யூடியூப் பார்த்து, சீனர்களின் அசைவு-மூச்சுப் பயிற்சியான சீகோங்கில் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுத் தொகுப்பைச் செய்ய ஆரம்பித்தேன். நன்றாகவே இருந்தது, வலி குறைந்தது. அப்புறம் மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி அசையாமல் நிற்கும் பயிற்சி. அதற்கப்புறம் ஒரு பிடிஎஃப் கிடைத்தது. மூச்சை அடக்கி, சக்தியை முதுகுத்தண்டு வழியாக மேலே ஏற்றி நெற்றி வழியாக இறக்கும் 'சிறுவட்டம்' அதில் இருந்தது. இரவு பத்தரைக்கு எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்காருகிறேன்.

கொஞ்ச நாளாகப் புருவ மத்தியில் அழுத்தம், தலையில் சூடு, விரல் நுனிகளில் சுரீர் சுரீர் என்று ஓட்டம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சக்தி விழித்துவிட்டது, விட்டுவிடாதே என்கிறார்கள். ஒருவர் ஜூமிலேயே தீட்சை தருகிறேன் என்று பணம் கேட்கிறார். எங்கள் பக்கம் சீகோங் ஆசிரியர் யாரும் இல்லை. சீனாவுக்குப் போன போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர்தானே, நம்மிடமிருந்து போன கலைக்கு நமக்கெதற்கு ஆசிரியர்? நாராயண குரு மருந்துவாழ்மலையில் தனியாகத்தானே இருந்தார்? ரமணருக்கு யார் குரு? ஆசிரியர் இல்லாமல் செய்யவே கூடாதா? பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா?

முன்னைவிட அதிகம் எரிந்து விழுகிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அந்தச் சிறுவட்டத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூச்சை அடக்குவது, புருவ மத்தியில் மனதை வைப்பது, இரவு பத்தரைக்கு உட்காருவது, மூன்றும் வேண்டாம். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்து பிரஷரும் தைராய்டும் சோதித்துக்கொள்ளுங்கள், தூக்கம் போன கதையையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தலைச்சூடும் தூக்கமின்மையும் எரிச்சலும் பயிற்சியால்தான் வந்தன என்று நீங்களோ நானோ முடிவு கட்டக் கூடாது, தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். தூக்கம் இன்னும் குறைந்தாலோ, இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் நம்மையே கவனிக்கிறார்கள் என்று தோன்றுவது மாதிரி ஏதாவது வந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதைக் கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் நூறு பேரில் ஒருவர்கூட உங்களை நேரில் பார்த்ததில்லை, உங்கள் மனைவி தினமும் பார்க்கிறார்.

விரல் நுனி ஓட்டத்துக்கு வருவோம். மூச்சை அடக்கிவிட்டு விடும்போது உடம்பு அவசரமாக, ஆழமாக நாலைந்து மூச்சு இழுக்கும். அப்படித் தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், குறைந்தால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துகிற மாதிரி ஓடும், தலை கிறுகிறுக்கும். இதைச் சக்தி என்று நினைத்து மேலும் மேலும் அடக்கினால் அது மேலும் மேலும் வரத்தான் செய்யும். புருவ மத்தி அழுத்தமும் அப்படித்தான், அங்கே மனதை வைக்கிறேன் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் தெரியாமலேயே கண்ணை உள்பக்கம் திருப்பி நெற்றியைச் சுருக்குகிறார்கள், ஒரு மணி நேரம் சுருக்கி வைத்த நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்?

இப்படி ஆகிறதென்று கவலைப்படும் முதல் ஆள் நீங்கள் இல்லை. சீனாவில் 1980களில் சீகோங் ஒரு பெரும் அலையாகப் பரவியது, பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகச் செய்தார்கள், ஊருக்கு ஊர் புதுப் புது குருமார்கள் முளைத்தார்கள். அந்த வருடங்களில்தான் பயிற்சி செய்து மனம் தடுமாறியவர்களும் மருத்துவமனைகளுக்கு வர ஆரம்பித்தார்கள். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலேயே சீகோங்கால் வரும் உளப்பிறழ்வு எதிர்வினை என்று தனியாக ஒரு பெயர் ஏறியது. சீனர்கள் இதை முன்பிருந்தே அறிவார்கள், தீ தடம் மாறி உள்ளே பேய் புகுந்தது என்கிற பொருளில் அவர்களிடம் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. 2003இல் அங்கே அரசின் விளையாட்டுத் துறை நாலு பயிற்சித் தொகுப்புகளைச் சீராக்கி, பொதுமக்கள் கற்றுக்கொள்ளும்படி வெளியிட்டது. அந்த நாலில் ஒன்றுதான் நீங்கள் செய்து முதுகுவலி குறைந்த பாதுவான்ஜின். மெதுவான அசைவு, இயல்பான மூச்சு, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு நன்மை செய்ததெல்லாம் இங்கேயே கிடைத்துவிட்டது. தொந்தரவு வந்தது அடுத்ததுக்குத் தாவியபோது.

அதனால் என் பதில் இது. பாதுவான்ஜின் மாதிரி அசைவுப் பயிற்சிகளையும், இயல்பாக வந்துபோகும் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனிக்கும் தியானத்தையும் ஆசிரியர் இல்லாமல் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் யாருடைய பார்வையிலும் படாமல் செய்யக் கூடாது. சக்தியை ஏற்றுவது, இறக்குவது, மூச்சை அடக்குவது, மணிக்கணக்கில் உட்காருவது, இவற்றைப் பக்கத்தில் ஓர் அனுபவசாலி இல்லாமல் தொடவே வேண்டாம்.

நான் மார்த்தாண்டம் பக்கம். எங்கள் விளவங்கோடு ஊர்களில் அடிமுறை என்ற சண்டைக் கலையும், உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மமும் சொல்லிக்கொடுக்கும் ஆசான்மார் இன்றும் இருக்கிறார்கள். பையனைச் சுவடு வைக்கச் சொல்லிவிட்டு ஆசான் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையனின் பின்னங்கால் குதி தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பினால் போதும், கம்பு நீண்டு வந்து அந்தக் குதியைத் தொடும். "எடே, காலு." அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. தன் குதி எழும்பியது பையனுக்குத் தெரியவே தெரியாது, தரையில் அழுத்தி நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். வீடியோ அசைவைக் காட்டும், இந்தக் குதியைக் காட்டாது. எங்கள் ஆசான்மாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அடிக்கத் தெரிந்தவனுக்கு இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வர்மத்தில் அடிபட்டு விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறை தெரியாதவன் கையில் அடியைக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு வந்த பிடிஎஃபில் ஏற்றுவதற்கு வழி இருந்தது, ஏறியது இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியாவது இருந்ததா?

ஜப்பானில் ஹகுயின் என்று ஒரு ஜென் துறவி இருந்தார், 1686இல் பிறந்தவர். இளம் வயதில் வெறிகொண்டு தியானத்தில் உட்கார்ந்து, தலைக்குள் தீ ஏறி, கால்கள் பனியில் நிற்பதுபோல் சில்லிட்டு, காதுக்குள் ஓடைச் சத்தம் கேட்கும் நிலைக்குப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். பல பேரிடம் போயும் தீரவில்லை, கடைசியில் கியோட்டோ பக்கத்து மலைக் குகையில் இருந்த ஹகுயூ என்ற துறவி வழி சொன்னாராம். வாசனையான மெல்லிய வெண்ணெய் உருண்டை ஒன்று உச்சந்தலையில் இருப்பதாக நினை, அது உருகித் தோள், நெஞ்சு, வயிறு, தொடை வழியாக உள்ளங்கால் வரை வழிவதாக நினை, அவ்வளவுதான். அடக்கவோ முறுக்கவோ எதுவும் இல்லை, கவனம் தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. டாக்டரைப் பார்த்த பிறகு, படுக்கையில் மல்லாந்து படுத்தபடி இதைக் கொஞ்ச நேரம் செய்து பாருங்கள். வெண்ணெய் மனதில் ஒட்டாவிட்டால் சனிக்கிழமை தேய்க்கிற நல்லெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் ரொம்ப நல்லது, எழுந்து தொடர வேண்டியதில்லை.

போதிதர்மர் விஷயம். அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனார் என்பது நமக்குப் பிரியமான மரபுக் கதை. ஆனால் அவர் பெயரில் வழங்கும் தசைநாண் மாற்றும் பயிற்சி, யீஜின்ஜிங், நூலாகத் தெரியவருவது 1624 வாக்கில்தான், அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் பின்னால். மறுபக்கம், சீனாவில் மாவாங்துயி என்ற இடத்துக் கல்லறையில் உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரைந்த பட்டுத்துணி கிடைத்தது, அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. போதிதர்மருக்கும் பல நூறு ஆண்டுகள் முன்பே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மரபு இருந்தது. சரி, நம்மிடமிருந்தே போனது என்று வைத்துக்கொண்டாலும், நம் ஊர்க் கலை என்பதால் நம் முட்டி தானாக நேரே நிற்குமா?

நாராயண குரு மருந்துவாழ்மலையில் பிள்ளைத்தடம் குகையில் தனியாக இருந்தது உண்மை. அதற்கு முன்பே அவர் திருவனந்தபுரத்தில் தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றவர். கேரளத்தின் இன்னொரு துறவியான சட்டம்பி சுவாமிகளுக்கும் அய்யாவுதான் சொல்லிக்கொடுத்தார். அய்யாவு தமிழர், வெள்ளைக்காரன் ரெசிடென்சி அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கற்றுக்கொடுத்தவர். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற நாம் குகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அய்யாவு சுவாமிகளை மறந்துவிட்டோம், இது எனக்குப் பல நாளாக இருக்கிற வருத்தம்.

ரமணருக்கு மனித குரு யாரும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1896இல் பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்து கோயில் நிலவறையான பாதாள லிங்கத்தில் உடல் நினைவின்றி உட்கார்ந்திருந்தபோது பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. அந்த ஊரில் இருந்த துறவி சேஷாத்திரி சுவாமிகள் கவனித்துக் காவல் நின்றார், மற்றவர்கள் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பழனிசாமி என்ற உங்கள் மலையாள நாட்டுக்காரர்தான் வருடக்கணக்கில் கூடவே இருந்து சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். ரமணருக்கே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

இனி உங்களுக்கு. தூக்கம் திரும்பும் வரை உட்காரும் தியானம் வேண்டாம், நிற்கும் பயிற்சியும் வேண்டாம். நாலு மணிக்கு எழுகிறவருக்கு இரவு பத்தரை என்பது பயிற்சிக்கான நேரமே இல்லை, ஒன்பதரைக்குப் படுங்கள். காலைப் பால் அளந்து முடிந்து, டேங்கர் போன பிறகு, வெறும் வயிற்றில் இல்லாமல் ஏதாவது குடித்துவிட்டு ஒரே ஒரு சுற்று பாதுவான்ஜின். போனைப் பக்கவாட்டில் வைத்து உங்களை நீங்களே படம் எடுங்கள், முன்னால் வைத்தால் முதுகு தெரியாது. முதல் அசைவில், விரல்களைக் கோத்து உள்ளங்கையை வானத்தை நோக்கித் தள்ளும்போது, கீழ் விலா முன்னால் துருத்தி இடுப்பு வளைகிறதா என்று பாருங்கள், அங்கேதான் உங்கள் பழைய முதுகுவலி திரும்பி வரும். கை கொஞ்சம் தாழ்ந்தே நிற்கட்டும், இடுப்பு நேராக இருக்கட்டும். உச்சியில் மூச்சு நிற்கிறதா என்றும் கவனியுங்கள், நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வில் இழுக்கும் அசைவில் முட்டி உள்பக்கம் விழக் கூடாது, கால்விரல் பார்க்கும் திசையையே முட்டியும் பார்க்க வேண்டும். குனிந்து பாதத்தைப் பிடிக்கும் அசைவை பிரஷர் பார்க்கும் வரை விட்டுவிடலாம். கடைசியில் குதியை உயர்த்தி ஏழு முறை இறக்கும்போது தொப் தொப்பென்று போட வேண்டாம், முதுகுத்தண்டுக்கு நல்லதில்லை.

அந்த வீடியோவை ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ, உங்கள் பக்கத்தில் கிடைக்கும் நல்ல களரி ஆசானிடமோ யோகா ஆசிரியரிடமோ காட்டுங்கள். அவர்களுக்கு சீகோங் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முட்டியும் இடுப்பும் மூச்சும் தெரிந்தால் போதும். மனைவியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: நான் சரியாகத் தூங்கவில்லை என்றோ எரிந்து விழுகிறேன் என்றோ உனக்குப் பட்டால் சொல், அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்று. சொன்னால் நிறுத்தவும் வேண்டும்.

ஜூம் தீட்சைக்குப் பணம் அனுப்பாதீர்கள். உங்களுக்கு இருக்கும் தொந்தரவைக் கேட்டுவிட்டு "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லாமல் கட்டணத்தைச் சொன்னவரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

விபாசனா இப்போது வேண்டாம். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறையில் பத்து நாள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குப் பக்கமாக உட்கார வேண்டும், பேச்சு கிடையாது. மூன்று மணி நேரம் தூங்குகிறவர் போக வேண்டிய இடம் அது இல்லை. கட்டணம் வாங்காமல் நடத்துகிறார்கள், நல்ல காரியம், செங்கன்னூர்ப் பக்கமே அவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது, எங்கும் போய்விடாது. தூக்கம் சரியாகிச் சில மாதம் கழித்தும் ஆசை இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். அதில் உடல், மனநிலை பற்றிக் கேட்கும் இடத்தில் இந்த அழுத்தம், சூடு, தூக்கம் போனது எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், இடம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.